ராஜாவுக்கு டிப்ரிசியேஷன் போடாதீங்க!

பி.காம் சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே எங்களுக்கு டிப்ரிசியேஷன் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தமிழில் தேய்மானம். ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்குகிறீர்கள், பத்து வருஷம் ஓடும் என்று கணக்கு. வருஷத்துக்குப் பத்தாயிரம் கழித்துக்கொண்டே வரவேண்டியது. இந்த வருஷம் மெஷின் எப்படி ஓடியது, என்ன செய்து தள்ளியது என்று யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. பத்தாவது வருஷம் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். ஃபேக்டரிக்குள் போய்ப் பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்!

நம்ம ஊரில் இளையராஜாவுக்கும் இப்படித்தான் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்த மெஷின். எண்பதுகளில் முழு உற்பத்தி. 1992-ல் 'ரோஜா' வந்ததும் பாதி தேய்ந்துவிட்டது. 2000-க்கு மேல் காயலான் கடை. டீக்கடை, கல்யாண வீடு, ஷேர் ஆட்டோ, எங்கே போனாலும் ஒருத்தர் பெருமூச்சு விட்டுச் சொல்வார்: "அந்த ராஜா இப்போ இல்லப்பா..."

அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

இரண்டு கோஷ்டி

நான் பார்த்தவரை ராஜா ரசிகர்களில் இரண்டு கோஷ்டி உண்டு. முதல் கோஷ்டிக்கு என் சித்தப்பாவை உதாரணம் சொல்லலாம். "எண்பத்தெட்டு, எண்பத்தொம்போதோட எல்லாம் முடிஞ்சுதுடா. அதுக்கப்புறம் அவரு சும்மா பேருக்குப் போட்டாரு" என்பார். அதற்குப் பிறகு வந்ததில் என்னென்ன கேட்டீர்கள் என்று கேட்டால் பதில் வராது. கேட்கவே இல்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் ரெடி.

இரண்டாவது கோஷ்டிக்கு என் ஹாஸ்டல் ரூம்மேட். "மாப்ள, தெய்வத்துல குத்தம் பாக்கக்கூடாது" என்பது அவன் கட்சி. ராஜா தும்மினால்கூட அது ஒரு ராகத்தில் இருக்கிறது என்பான். அவனும் முழுசாகக் கேட்பதில்லை. கேட்பதற்கு முன்பே பிரமாதம் என்று சொல்லிவிடுகிறான், அப்புறம் எதற்குக் கேட்கவேண்டும்?

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பேரும் எதிரெதிர் துருவம். ஆனால் செய்வது ஒரே காரியம்தான். ஒருத்தர் ராஜாவை 1988-ல் நிறுத்தி ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார். இன்னொருத்தன் கோயில் கட்டி உள்ளே உட்கார வைத்துவிட்டான். மாட்டிய படமும் மாறாது, கருவறைச் சிலையும் மாறாது. ஐம்பது வருஷமாக மாறிக்கொண்டே இருப்பதைத்தான் அந்த மனிதர் வேலையாகவே வைத்திருக்கிறார். அது ரெண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

எந்த "அந்த ராஜா"?

"அந்த ராஜா" என்கிறார்களே, எந்த ராஜா? எண்பதுகளுக்குள்ளேயே குறைந்தது நாலைந்து ராஜா இருக்கிறார்கள்.

பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 'அன்னக்கிளி'யில் கிராமத்து மெட்டைக் கொண்டுவந்த ராஜா ஒருத்தர். 1978-ல் ஒரே வருஷத்தில் 'முள்ளும் மலரும்', 'ப்ரியா' என்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஒலிகளைக் கொடுத்த ராஜா இன்னொருத்தர். ஒன்று மலைக்காற்று, இன்னொன்று ஸ்டீரியோவில் பதிவான சிங்கப்பூர் பளபளப்பு. 1981 'ராஜபார்வை'யில் கண் தெரியாத வயலின் கலைஞனுக்காக எழுதிய ராஜா, கிராமத்து ராஜாவின் தம்பி மாதிரிகூட இல்லை.

அப்புறம் 1985, 'சிந்து பைரவி'. ஒரு பாட்டை ஆரோகண ஸ்வரங்களை மட்டும் வைத்தே அமைத்தார். அதாவது மெட்டு படியேறும், இறங்கவே இறங்காது. வழக்கமாகக் காம்போதியில் பாடுகிற தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை சாரமதிக்கு மாற்றி, அதை அப்படியே ஒரு நாட்டுப்புறப் பாட்டோடு கோத்துவிட்டார். சித்ராவுக்கு தேசிய விருது வாங்கிக்கொடுத்த பாட்டு அது. கீர்த்தனையின் ராகத்தை எப்படி மாற்றலாம் என்று அப்போதே முணுமுணுப்பு உண்டு.

அடுத்த வருஷமே, 1986-ல், 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' படங்களில் கம்ப்யூட்டரும் சிந்தசைஸருமாக இறங்கினார். அதே 1986-ல்தான் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பமும். சினிமாவுக்கு வெளியே, பாக்கையும் தியாகராஜரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசவிட்டார். ஒரே வருஷத்தில் மெஷின் சத்தமும் வி.எஸ்.நரசிம்மனின் வயலினும்!

இதில் எது உண்மையான ராஜா, எது "அந்த" ராஜா? 1976-ல் காதலித்தவர் 1986-ஐக் கேட்டுவிட்டு "நம்ம ராஜா போயிட்டாரு" என்று சொல்லியிருக்க எல்லா நியாயமும் இருந்தது. யாராவது சொல்லியும் இருப்பார்கள். இன்று 1986-க்காக உருகுகிறவர்கள் அதை மறந்துவிட்டு, மாற்றம் என்னமோ தொண்ணூறுகளில் புகுந்த வியாதி மாதிரி பேசுகிறார்கள்.

சித்தப்பாவின் மூன்று கேசட்

இனி கொஞ்சம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். பயப்படாதீர்கள், ஃபார்முலா கிடையாது.

சித்தப்பாவிடம் மூன்று டிடிகே கேசட் இருக்கின்றன. தொண்ணூறு நிமிஷக் கேசட்டுகள். அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் ஒரு தாளில் லிஸ்ட் எழுதிக்கொடுத்தால் பதிவு செய்து தருவார்களாம். மூன்று கேசட்டிலும் சேர்த்து அறுபது பாட்டுக்கும் கீழே. சித்தப்பாவின் "எண்பதுகள்" என்பது அவ்வளவுதான்.

ஆனால் ராஜா எண்பதுகளில் வருஷத்துக்கு டஜன் கணக்கில் படம் செய்தவர். அவ்வளவு பாட்டும் மணி மணியாகவா இருந்தது? இல்லை. தேடிப்போய்க் கேட்டுப் பாருங்கள். ஓடாத படங்களில், அவசரத்தில் போட்ட மாதிரி, ஒரே அச்சில் வார்த்த மாதிரி பாட்டுகள் எண்பதுகளிலும் நிறைய உண்டு. அவையெல்லாம் லிஸ்ட் எழுதும்போதே கழிந்துவிட்டன. நாற்பது வருஷம் சலித்த சல்லடையில் தங்கிய அறுபது பாட்டை ஒரு தட்டில் வைக்கிறார்கள். மறு தட்டில் நேற்று வந்ததைச் சலிக்காமல் அப்படியே கொட்டுகிறார்கள். பிறகு "பாத்தியா, தராசு எந்தப் பக்கம் சாயுது" என்கிறார்கள். பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் இப்படி சாம்பிள் எடுத்தால் எங்கள் சார் பேப்பரையே தூக்கி வீசிவிடுவார்.

இன்னொன்றும் இருக்கிறது. பாட்டில் பாதி ராஜா போட்டது, பாதி நாம் போட்டது. சித்தப்பாவுக்கு 'ஜானி' பாட்டு என்றால் அது எஸ்.ஜானகி குரல் மட்டுமில்லை. அவருடைய இருபது வயசு, மாடிப்படி, எதிர்வீட்டு ஜன்னல், இன்னும் அவர் நமக்குச் சொல்லாதது எல்லாம் அதில் கலந்திருக்கிறது. 2023-ல் வந்த பாட்டில் அதெல்லாம் இல்லையே என்றால், எங்கிருந்து வரும்? அதைப் போடவேண்டியவர் சித்தப்பா, ராஜா இல்லை.

பாட்டிலிருந்து படத்துக்கு

சரி, 2000-க்கு அப்புறம் அப்படி என்னதான் செய்தார்?

முதலில் ஒரு சின்ன விஷயம். ராஜாவுக்கு இதுவரை ஐந்து தேசிய விருது. முதல் மூன்றும் ('சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ரவீணா') சிறந்த இசையமைப்புக்கு, எல்லாம் எண்பதுகளில். மூன்றுமே இசையையோ நடனத்தையோ சுற்றிய கதைகள், பாட்டுக்காகவே இன்றும் பேசப்படுகிறவை. கடைசி இரண்டும் ('பழஸி ராஜா', 'தாரை தப்பட்டை') பின்னணி இசைக்கு. முன்பு பின்னணி இசைக்கென்று தனி விருது கிடையாது என்பது உண்மைதான். அப்போதும் 'மௌன ராகம்', 'நாயகன்' என்று பின்னணியில் பிச்சு உதறியவர்தான். ஆனாலும் அவருடைய முழு பலமும் மெல்ல மெல்லப் பாட்டிலிருந்து காட்சிக்கு நகர்ந்திருக்கிறது என்பதை இந்த வரிசையே காட்டுகிறது.

2000-ல் வந்த 'ஹே ராம்' இந்தக் கதையில் ஒரு திருப்பம். வேறொரு இசைக்கலைஞரின் மெட்டுகளுக்கு ஏற்கனவே படமாக்கியிருந்த காட்சிகள் அவர் கைக்கு வந்தன. நடிகர்களின் வாயசைவு, அசைவு, வெட்டு எதையும் மாற்ற முடியாது. அந்த அளவுச் சட்டைக்குள் முற்றிலும் புதிய மெட்டுகளைத் தைத்துக் கொடுத்தார். தெரியாமல் படம் பார்க்கிற யாருக்கும், மெட்டு பிறகு வந்தது என்று தோன்றாது. 2005-ல் 'திருவாசகம்'. மாணிக்கவாசகரை எடுத்துக்கொண்டு புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவிடம் போனார். சினிமாப் பாட்டு ஐந்து நிமிஷம்தான் ஓடும். இதில் அவர் சாவகாசமாக மூச்சு விட்டு எழுதுகிறார். பாட்டு எப்போது பல்லவிக்குத் திரும்பும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். அது திரும்புவதற்காக எழுதியது இல்லை.

2013-ல் மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்'. படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ராத்திரி நேரச் சென்னை, துரத்தல், ரத்தம். அதற்கு மேல் கம்பி வாத்தியங்கள் அழுகிற மாதிரியும் அடக்கிக்கொள்கிற மாதிரியும் போய்க்கொண்டே இருக்கும். பின்னணி இசை என்று போடாமல் "முன்னணி இசை" என்று கௌரவமாகப் போட்டார் மிஷ்கின். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு தடவை பாருங்கள். ராஜா எங்கே வாசிக்கிறார் என்பதைவிட எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று கவனியுங்கள். இருபது வருஷம் முன்னால் என்றால் அங்கே ஒரு புல்லாங்குழல் வந்திருக்கும். இப்போது சும்மா விடுகிறார். சும்மா விடுவதற்கும் வயசு வேண்டும் போல.

மாற்றத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமா? 2007-ல் வந்த இந்திப் படம் 'சீனி கம்'. அதில் தன் பழைய தமிழ் மெட்டுகளையே திரும்ப எடுத்துக்கொண்டார். "சரக்கு தீர்ந்துபோச்சு, பழசையே விக்கிறார்" என்று அப்போது ஜல்லியடித்தவர்கள் நிறைய. எனக்கு அது ஒரு பரிசோதனைச்சாலை மாதிரி. 1986-ல் எஸ்.பி.பி. 'மௌன ராக'த்தில் பாடிய அதே மெட்டை ஷ்ரேயா கோஷல் 'சீனி கம்'மில் பாடுகிறார். மெட்டு ஒன்று, ஆனால் நடை வேறு, வாத்தியக் கூட்டம் வேறு. மெட்டை மாறாமல் வைத்துக்கொண்டு மற்றதை ஒப்பிட்டால், இருபத்தொரு வருஷத்தில் அவர் காது எங்கே போயிருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை இசையமைப்பாளர் விஷயத்தில் கிடைக்கும்?

குறையே இல்லையா?

ரூம்மேட் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளவும்.

இருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் 2000-களிலும் பல படங்களில் கேட்கிற கீபோர்ட் சத்தம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நல்ல மெட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். முன்பு ஐம்பது பேர் உட்கார்ந்து வாசித்த இடத்தில் ஒரு பெட்டி வாசித்தால் வித்தியாசம் தெரியத்தானே செய்யும். வேறு குரல் பொருந்தியிருக்கும் பாட்டுகளைத் தானே பாடிவிடுகிற பழக்கமும் உண்டு. படமே சுமாராக இருக்கும்போது அவரும் சுமாராக முடித்துக்கொடுத்த சந்தர்ப்பங்களும் இருக்கின்றன.

2012 'நீதானே என் பொன்வசந்தம்' நல்ல உதாரணம். எட்டுப் பாட்டு. வந்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சில பாட்டு உயிர், சில பாட்டு ஒட்டவே இல்லை. இதைச் சொன்னால் முதல் கோஷ்டி "அதான் சொன்னேனே" என்கிறது, இரண்டாவது கோஷ்டி அடிக்க வருகிறது. ஒரு பாட்டு பிடிக்கிறது, இன்னொரு பாட்டு பிடிக்கவில்லை என்று சாதாரணமாகச் சொல்லவே நம்ம ஊரில் இடமில்லாமல் போய்விட்டது. பாட்டுப் பாட்டாகக் கேட்டு, பாட்டுப் பாட்டாக மார்க் போடுவதுதான் ஒரு கலைஞனுக்குக் காட்டுகிற மரியாதை என்று நான் நினைக்கிறேன். மொத்தமாகக் கும்பிடுவதும் மொத்தமாகக் கைகழுவுவதும் சோம்பேறித்தனம்.

எங்களுக்கு வரிசை கிடையாது

நான் பிறந்தது 2004-ல். அன்னக்கிளிக்கு அப்போதே 28 வயசு. என் வகுப்பில் எல்லோருக்கும் இதே கதைதான். ராஜா வளர்ந்தபோது நாங்கள் கூடவே வளரவில்லை. எங்களுக்கு அவர் மொத்தமாக ஒரே நாளில், ஒரே ஃபோனில் வந்து சேர்ந்தார். காலையில் பஸ்ஸில் 1980, மதியம் 2013, ராத்திரி 1991 'தளபதி' என்று எந்த வரிசையும் இல்லாமல் கேட்கிறோம்.

இதைப் பெரியவர்கள் குறையாகச் சொல்கிறார்கள். "உங்களுக்கு அந்தக் காலத்தோட அருமை தெரியாது" என்று. தெரியாதுதான். ஆனால் அதுவே எங்களுக்கு வசதியும்கூட. எங்களுக்கு எதிர்வீட்டு ஜன்னல் கிடையாது, அதனால் சத்தத்தை மட்டும் கேட்க முடிகிறது. 'தளபதி'யில் ஒரு காதல் பாட்டுக்கு நடுவே வாத்தியங்கள் திடீரென்று போர்க்களமாக மாறும், ஞாபகம் இருக்கிறதா? அதைக் கேட்ட காதோடு 2023 'விடுதலை'யில் தனுஷ் பாடுகிற பாட்டைக் கேட்டால், அதே ஆள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று தெரிகிறது. அன்று ஒரு பாட்டுக்குள் ஒரு யுத்தத்தையே நடத்தியவர், இன்று காட்டுப்பாதையில் பேசிக்கொண்டே நடக்கிற மாதிரி எளிமையாக ஒரு மெட்டு போடுகிறார். இரண்டையும் ஒரே நாளில் கேட்கிறவனுக்குத் தேய்மானம் தெரியாது. தூரம்தான் தெரியும்.

கடைசியாக இன்னொரு தகவல். 1993-ல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவுக்காக ஒரு சிம்பொனி எழுதினார். பதிவும் ஆனது, ஆனால் வெளியே வரவேயில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கணக்கை அத்தோடு மூடியிருப்பார்கள். இவர் 81 வயசில் 'வேலியன்ட்' என்று புதிதாக ஒன்றை எழுதி, 2025 மார்ச் 8-ஆம் தேதி அதே லண்டனில், ராயல் ஃபில்ஹார்மானிக் கலைஞர்களை வைத்து மேடையேற்றினார். அது உலகத்தரமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பழைய ஹிட்டுகளை மட்டும் மேடையில் போட்டுக்கொண்டே காலம் தள்ள முடிகிற ஒருவர், தெரியாத ஒன்றை எழுதப் போகிறார். நம்மில் பாதிப் பேர் இருபது வயசிலேயே "எனக்கு இதுதான் வரும்" என்று முடிவு கட்டிவிட்டோம்.

கணக்கியலில் "கோயிங் கன்சர்ன்" என்று ஒரு அடிப்படை உண்டு. ஒரு நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்று நம்பித்தான் அதன் கணக்கை எழுதவேண்டும். நாளைக்கே இழுத்து மூடப்போகிற கடை மாதிரி எழுதக்கூடாது. நமக்கு வேண்டியது அந்த ஒரு நம்பிக்கைதான்.

எப்படிக் கேட்கலாம்?

ஸ்டாக்கைக் கணக்கிட லிஃபோ என்று ஒரு முறை இருக்கிறது, கடைசியாக வந்த சரக்கு முதலில் வெளியே. இந்திய அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு அதை ஏற்பதில்லை, ஆனால் ராஜாவுக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான் :-)

1. முதலில் 'விடுதலை' (2023).
2. அப்புறம் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013), முழுப் படமும், ஹெட்போனோடு.
3. 'திருவாசகம்' (2005). ஒரே மூச்சில் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்று.
4. 'ஹே ராம்' (2000).
5. 'தளபதி' (1991).
6. 'ஹவ் டு நேம் இட்' (1986).
7. கடைசியில் 'அன்னக்கிளி' (1976).

இப்படிப் பின்னாலிருந்து நடந்துபோய் அன்னக்கிளியை அடைந்தால், நீங்கள் ஆயிரம் தடவை கேட்ட பாட்டில்கூட பின்னால் வரப்போகிற எல்லாவற்றின் விதையும் கேட்கும். சித்தப்பாவுக்கும் இந்த லிஸ்ட்டைத்தான் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது வரை வந்திருக்கிறார். "படம் ஒரே ரத்தமா இருக்குடா, ஆனா அந்த வயலின் இருக்கே..." என்றார். மீதியைச் சொல்லவில்லை. மூன்றாவது நம்பருக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.